குளியலறைக் கதிரை ஏரிக்குப் போன கதை

இது நடந்து எட்டு வருடம் இருக்கும். ஒரு பெப்ரவரி மாதச் சனிக்கிழமை, ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கும் சிம்கோ ஏரியில், உறைந்த ஐஸின் மேல் நின்றுகொண்டு நான் என் கணவரைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் மன்னார்க் கடற்கரையில் பிறந்தவர். மீன்பிடி என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஸ்காபரோவில் தொழிற்சாலை வேலை பார்த்தாலும், குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் இரண்டு கூட்டாளிகளோடு கிளம்பிவிடுவார். ஐஸில் துளை போட்டு, பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் குந்தியிருந்து நாள் முழுக்கத் தூண்டில் போடுவார்கள். பிடிபடுவது என்னவோ உள்ளங்கையளவு மீன்தான். வரும்போது ஆள் மாப்பிள்ளை மாதிரி வருவார்.

அதற்கு முந்தின கோடையில் அவருக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். சத்திரசிகிச்சை நன்றாகத்தான் நடந்தது, ஆனால் மனிதர் சுருங்கிப்போனார். ஞாயிறு பூசைக்கும் டொக்டரிடமும் போவது தவிர வெளியே வருவதில்லை. குளிப்பதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு கதிரை வாங்கச் சொல்லியிருந்தார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் இருக்கை, தண்ணீர் வடிய ஓட்டைகள், இரண்டு பக்கமும் கைபிடி, ரப்பர் பூட்டிய அலுமினியக் கால்கள். அதை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் போதும், "உந்தக் கோதாரியைத் தூக்கி ஒளியும்" என்பார். நானும் அதை அலமாரிக்குள் தள்ளி, கோட்டுகளை இழுத்து மறைத்துவிடுவேன்.

ஏரி உறைந்ததும் கூட்டாளிகள் போன் எடுத்தார்கள். "வாளியில குந்தினால் என்னால எழும்பேலாது. நீங்கள் போட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு, போனை வைத்து, பல்கனிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வாளிதானே பிரச்சினை? நல்ல கதிரை ஒன்று வாங்கினால் போச்சு!

சேலையோ சோபாவோ, சாமான் தெரிவு செய்வதில் என்னை வெல்ல ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. மூன்று கடை ஏறி இறங்கி, பன்னிரண்டு கதிரைகளில் குந்தியிருந்து பார்த்தேன். கடைசியில் பிடித்தேன் ஒன்றை. மடிக்கிற கதிரை, ஆழமான துணி இருக்கை, உள்ளே மென்மயிர், தேத்தண்ணிக் கோப்பை வைக்க ஒரு பை. சாய்ந்ததும் எனக்குக் கொட்டாவியே வந்துவிட்டது. இதுதான் கதிரை என்று முடிவு கட்டினேன். "இஞ்சாருங்கோ, ஒருக்கா இருந்து பாருங்கோ" என்று ஹோலில் விரித்து வைத்தேன். அவர் தொட்டும் பார்க்கவில்லை. ஆனால் சனிக்கிழமை விடிய, சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி பூட்ஸைத் தேடினார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நானே காரோட்டிக்கொண்டு கூடப் போனேன்.

முதல் இரண்டு மணித்தியாலம் சொல்லி வேலையில்லை. வெயிலில் கண் கூசியது. அவர் கதிரைக்குள் புதைந்து, மடியில் கம்பளியோடு பழைய கதைகள் சொல்லிக்கொண்டிருந்தார். "அக்கா, கதிரை எண்டால் இதெல்லோ கதிரை" என்று கூட்டாளிகளில் ஒருவர் சொல்ல, எனக்குத் தலைகால் புரியவில்லை.

திடீரென்று அவருடைய தூண்டில் வளைந்தது. எழும்பப் பார்த்தார். முடியவில்லை. துணி இருக்கை கிழங்குச் சாக்கு மாதிரி அவரை உள்ளே இழுத்தது. இடுப்பு கீழே, முழங்கால் மேலே. கைபிடியும் துணிதான், ஊன்றினால் அதுவும் அமுங்கியது. ஒருவர் ஓடிப்போய்த் தூண்டிலைப் பிடித்து மீனை எடுத்தார். மற்றவரும் நானும் ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினோம். அவர் வந்தார், பின்னால் ஒட்டிக்கொண்டு கதிரையும் வந்தது. கூட்டாளிகள் சிரித்துவிட்டார்கள். கடவுளே, நானும் சிரித்தேன்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. "வீட்டை போவம்" என்றார், அவ்வளவுதான். இப்போது வீட்டுக்குப் போனால் இந்த மனிதர் இனி ஒருநாளும் வாசல்படி தாண்டமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் ஒரு கதிரையில் எவ்வளவு சுகமாக இருப்பார் என்று பார்த்தேனே தவிர, அதிலிருந்து எப்படி எழும்புவார் என்று நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. பன்னிரண்டு கதிரைகளிலும் நான் என் நல்ல முழங்காலோடு துள்ளியல்லவா எழும்பினேன்!

நான் சாமான்களைக் கட்டத் தொடங்க, இருபதடி தள்ளி மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் எங்களிடம் வந்தார். நரைத்த தாடி, சிவப்புத் தொப்பி, பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து ஒரு நடை. கையில் தன்னுடைய இருக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்ததும் என் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக், ஓட்டைகள், கைபிடி, ரப்பர் கால். எங்கள் அலமாரிக்குள் ஒளிந்திருக்கிற அதே குளியலறைக் கதிரை! மேலே ஒரு ஆட்டுத்தோலைக் கட்டியிருந்தார், வழுக்காமல் கீழே வைக்க ஒரு பலகையும் வைத்திருந்தார். ஊருலகம் பார்க்கிற வெளியில், காலையிலிருந்து அதில்தான் இருந்திருக்கிறார்.

தனக்கு இரண்டு பக்க இடுப்பு மூட்டும் மாற்றியது என்று ஆங்கிலத்தில் சொன்னார். இந்த ஏரியிலேயே இதைவிட நல்ல கதிரை கிடையாதாம். தான் வீட்டுக்குப் போகிற நேரம் ஆகிவிட்டது, இனி இருக்கத் தேவையில்லை, சாமான்களைக் கட்டிக் கிளம்பும்போது திருப்பித் தந்தால் போதும் என்று சொல்லி, கதிரையை வைத்துவிட்டுத் திரும்பினார்.

என் கணவர் கைபிடி இரண்டையும் ஒருதரம் அழுத்திப் பார்த்தார். பிறகு அதில் குந்தினார். முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கை, இரண்டு பக்கமும் உறுதியான பிடி. அரைமணித்தியாலத்தில் தூண்டில் மறுபடியும் வளைந்தது. இரண்டு கையையும் ஊன்றி, ஒருவரும் தொடாமல், தானாகவே எழும்பி நின்று மீனைத் தூக்கினார். "பிடிச்சிட்டன்!" என்று அவர் கத்தியதில் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு குளிர் என்று சாக்குச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அந்த வெள்ளைக்காரர் இன்னும் போகவில்லை என்பதைக் கவனித்தேன். ஐஸ் துளைக்கிற கருவியைக் கைத்தடி போல ஊன்றிக்கொண்டு, தன் துளைக்குப் பக்கத்தில் நின்றார். வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன் ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுபோய்க் கொடுத்து, கதிரை வேண்டுமா என்று கேட்டேன். இதோ கிளம்பப்போகிறேன் என்றார். அடுத்த மூன்று மணித்தியாலமும் கேட்கும்போதெல்லாம் அப்படியேதான் சொன்னார். பொழுது சாய நாங்கள் கதிரையைக் கொடுத்த பிறகே அவர் உண்மையில் கிளம்பினார். பேர்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னவர் பாத்ரூம் வாசலில் நின்று, "உந்தக் கதிரையைக் காரில ஏத்தும்" என்றார். "குளிக்கிறதுக்கு?" என்றேன் வேண்டுமென்றே. "வாயை மூடிக்கொண்டு ஏத்தும்" என்றார் சிரித்தபடி. நான்கு குளிர்காலம் அந்தக் கதிரை எங்களோடு ஏரிக்கு வந்தது. ஆட்கள் வந்தால் ஒளிக்கச் சொல்வதும் அன்றோடு நின்றது.

அவர் போய் மூன்று வருடம். இப்போது முழங்கால் வலி என் முறை. போன மாதம் அலமாரிக்குள்ளிருந்து அதே கதிரையை வெளியில் எடுத்தேன். இருக்கைக்கு அடியில், ஆணி பூட்டிய இடத்தில், காய்ந்த மீன் செதிள் ஒன்று ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பாத்டப் விளிம்பில் குந்தியிருந்து நன்றாக அழுதேன்.

அப்படி அழுத நானே, அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சிநேகிதிகள் வருகிறார்கள் என்றதும் என்ன செய்தேன் தெரியுமா? கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அலமாரிக் கதவைத் திறந்தேன்! "விசரி" என்று என்னை நானே திட்டிக்கொண்டு திரும்பப் பாத்ரூமிலேயே கொண்டுபோய் வைத்தேன். பாத்ரூமுக்குப் போன ஒருத்தி வெளியில் வந்து, என்னைக் குசினிக்குள் தனியாக இழுத்து, "உது எங்க வாங்கினது? எங்கட இவருக்கும் ஒண்டு வேணும், கேக்க வெக்கமாக் கிடக்கு" என்றாள். அவளுக்கு இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். எப்போது சொன்னாலும், கதிரையை எங்களுக்குத் தந்துவிட்டு, மாற்றிப் போட்ட இரண்டு இடுப்போடு அந்தக் குளிரில் பொய் சொல்லிக்கொண்டு நின்ற அந்த மனிதர் இன்னும் அங்கேயே நிற்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.