மூன்று நாள் நனையக் கூடாத தலை

சுருட்டை முடியை நேராக்கும் ரீபாண்டிங் செய்த தலையில் மூன்று நாளுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் முடி மொத்தமும் கையோடு வந்துவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்க வேண்டாம். பதினைந்து வருடம் ஆண்களுக்கு முடி வெட்டிவிட்டு, நாற்பத்தைந்து வயதில் கொழும்புக்குப் போய், பத்து நாள் வகுப்பில் பெண்களின் முடியைப் பற்றிப் படித்தவன் வேறு எப்படி இருப்பான்? வகுப்பெடுத்த அம்மா, "மூணு நாளைக்கு நனைக்கக் கூடாது, கட்டக் கூடாது, காதுக்குப் பின்னால சொருகக்கூடக் கூடாது" என்றார். ஏன் என்பதையும் சொல்லியிருப்பார். அந்த நேரம் நான் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்திருக்க வேண்டும்.

சலூன் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் யாரும் அந்தத் தேத்தண்ணிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. வாயை மூடாத மாஸ்டர்

பதுளையில் பஸ் நிலையத்துக்கு மேலே உள்ள சந்தில் எங்கள் சலூன். முதலாளி புஷ்பா அக்கா. என்னைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் சம்பளம் கொடுப்பவர் எல்லோருக்கும் அக்காதான். அவர் என்னை "மாஸ்டர்" என்று கூப்பிடுவார். அந்த வார்த்தையில் மரியாதை எத்தனை பங்கு, நக்கல் எத்தனை பங்கு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லுணுகலைப் பக்கமிருந்து யோகேஸ்வரி என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். நல்ல சுடிதார், கையில் குடை. பின்னலை அவிழ்த்ததும் நாற்காலியின் பின்பக்கமே மறைந்துபோனது. அப்படி ஒரு சுருட்டை.

"சிக்கு எடுக்கவே அரை மணி நேரம் ஆவுதுண்ணே. காலையில அவ்வளவு நேரம் எங்க இருக்கு? நேராக்கி விட்டிருங்க. ஆனா இருக்குற முடி போயிறாமப் பாத்துக்கங்க. இப்பவே உச்சியில கொறஞ்சி போச்சி."

பார்த்தேன். காதுக்குக் காது, உச்சந்தலைக்குக் குறுக்கே, இரண்டு விரல் அகலத்துக்கு முடி அடர்த்தி குறைந்து, பட்டையாக ஒரு தடம். வேறு யாராக இருந்தாலும், "இது எதனால வந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். நான் நிபுணன் அல்லவா? கேட்பேனா? "டென்ஷன்ல வர்றது. சின்ன வெங்காயத்த அரைச்சிப் போடுங்க" என்று முடித்துவிட்டேன்.

வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தேன், அதைச் சொல்லியாக வேண்டும். தேங்காயெண்ணெய் தலை, அதனால் இரண்டு தடவை ஷாம்பூ. பின்கழுத்துப் பக்கம் ஒரு சின்னக் கற்றையில் மட்டும் முதலில் நேராக்கும் கிரீமைப் போட்டுப் பார்த்தேன். அந்த முடியை நனைத்து இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு திரும்பவும் சுருங்க வேண்டும். நீண்டபடியே நின்றாலோ அறுந்தாலோ, காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புங்கள். இவளுடையது சுருங்கியது. தோலில் படாமல் வேரிலிருந்து அரை அங்குலம் தள்ளிக் கிரீம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் சோதனை, கழுவல், முழுக்கக் காய வைத்தல், மெல்லிய கற்றையாக எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு இழுப்பு அயன், கடைசியாக நேரான முடியை அப்படியே நிலைநிறுத்தும் நியூட்ரலைசர். ஐந்து மணி நேரம்.

அந்த ஐந்து மணி நேரமும் நான் பேசிக்கொண்டே இருந்தேன். வெலிமடையில் லீக்ஸ் விலை, என் மாமியாரின் முழங்கால், கொழும்பு வகுப்பின் பெருமை. நடுவில் மூன்று தடவை அவள், "அண்ணே, நான் என்னா வேல செய்றேன்னா..." என்று ஆரம்பித்தாள். மூன்று தடவையும் "தலைய ஆட்டாதீங்கம்மா" என்று அடக்கிவிட்டேன்.

போகும்போது மூன்று நாள் சட்டத்தை ஒப்பித்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நேரான முடி அவளோடு சேர்ந்து அழகாக ஆடியது. எனக்கு ஒரே பெருமை.

2. கயிற்றுத் தடம்

திங்கட்கிழமை காலை மழை தூறியது. "நேத்து வந்த புள்ளக்கி நல்லா வந்துச்சில்ல அக்கா?" என்று பாராட்டுக்காக வாயைக் கிளறினேன்.

"வந்துச்சி. ஆனா மூணு நாளைக்கி அந்தப் புள்ள எப்பிடிங்க மாஸ்டர் சமாளிக்கும்? கொழுந்து எடுக்குற புள்ளயாச்சே."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? உச்சந்தலையில கூடைக் கயித்துத் தடம் இருந்துச்சே, பாக்கலியா நீங்க?"

கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. தேயிலைக் கொழுந்துக் கூடை முதுகில் தொங்கும். அதன் கயிறு உச்சந்தலையில் இருக்கும். மலைநாட்டில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். நான்தான் அதற்கு வெங்காயம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

புது ரீபாண்டிங், அதன்மேல் கயிறு, கயிற்றில் பத்துப் பன்னிரண்டு கிலோ ஈரக் கொழுந்து, போதாததற்கு மழை. யோகேஸ்வரி சாயந்தரம் கூடையை இறக்கும்போது கயிற்றோடு முடியும் சேர்ந்து இறங்குவதை என் மனக்கண் பார்த்துவிட்டது. போன் அடித்தேன். மலையில் சிக்னல் இல்லை.

"அக்கா, நான் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்."

"போயி? மழைய நிறுத்தப் போறீங்களா மாஸ்டர்?"

ஹேர் அயன், டிரையர், கண்டிஷனர் போத்தல், குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி நான்கு, எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டு லுணுகலை பஸ்ஸில் ஏறினேன். பசறை தாண்டியதும் மழை வலுத்தது. நாலு தொப்பி எதற்கு என்று கேட்காதீர்கள். இருப்பது ஒரு தலை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

3. தலையைத் தேடிய ஆள்

லுணுகலையிலிருந்து த்ரீவீலரில் தோட்டத்துக்குப் போய், மலை ஏறினேன். அங்கே முப்பது பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். முப்பது பேர் தலையிலும் துணி, துணிமேல் பொலித்தீன், அதன்மேல் கயிறு. நான் தேடி வந்த முடி ஒருவரிடமும் வெளியே தெரியவில்லை.

கங்காணி குடையோடு வந்தார். "யாருங்க நீங்க? யார பாக்கணும்?"

"யோகேஸ்வரியோட தலைய பாக்கணுங்க."

"என்னாது?"

"தலையிலே முடி இருக்கான்னு மட்டும் பாத்துட்டுப் போயிருவேங்க."

ஒரு பெண்ணின் தலையைப் பார்க்க வேண்டும் என்று முன்பின் தெரியாத ஒரு ஆண்பிள்ளை மழையில் மலையேறி வந்தால் எந்தக் கங்காணிதான் சும்மா இருப்பார்? குடையை மடக்கினார். அது அடிப்பதற்கு வசதியாக என்று நான் நினைத்தேன். நல்ல வேளையாக, பக்கத்து நிரையிலிருந்து மாரியாயி என்ற பெரிய வாய்க்காரி குரல் கொடுத்தாள்.

"அட, பதுள சலூன் அண்ணே! நேத்து யோகாவுக்கு முடி நட்டுனது நீங்கதானா?"

"நடல அக்கா, நேராக்கினேன்."

"அப்ப ஏண்ணே இம்புட்டு நடுங்குறீங்க? கோணலாப் போச்சா?"

நிரை முழுக்கச் சிரிப்பு. இன்னொருத்தி, "எங்க தலையயும் பாத்துட்டுப் போங்கண்ணே, பேனு இலவசம்" என்றாள். என் காலில் ஒரு அட்டை ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்துப் போடக் குனிந்தபோது பையிலிருந்த தொப்பிகள் நழுவித் தேயிலைமேல் விழுந்தன. மாரியாயி ஒன்றை எடுத்துப் பொலித்தீன்மேல் மாட்டிக்கொண்டு, "எப்பிடி இருக்கு?" என்று கங்காணியிடம் கேட்டாள்.

கங்காணியும் சிரித்துவிட்டார். "அந்தப் புள்ள மலைக்கி வரலீங்க. பிள்ளக் காம்பராவுல இருக்கு. போங்க, கீழ."

பிள்ளைக் காம்பரா என்பது, தாய்மார் வேலைக்குப் போகும்போது தோட்டத்துப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம். வழுக்கி வழுக்கி இறங்கினேன்.

4. நான் மாஸ்டரா, நீ மாஸ்டரா?

யோகேஸ்வரி பாயில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். முடி முதுகில் விரிந்து கிடந்தது. முழுசாக இருந்தது.

"என்னண்ணே, இங்க?"

"கொழுந்து எடுக்கப் போகலியா?"

"நீங்கதானே மூணு நாளைக்கிக் கட்டாத, நனைக்காதன்னீங்க? கயிறு போட்டா பள்ளம் விழுந்துராது? இங்க பிள்ளைங்களப் பாத்துக்குற ஆயாம்மா, தங்கச்சி வீட்டு விசேசத்துக்குப் போறேன்னாங்க. அவங்களுக்குப் பதிலா மூணு நாளைக்கி நான் நிக்கிறேன்னு போன வாரமே கங்காணிகிட்ட சொல்லிட்டேன். அதுக்கப்புறம்தான் ஒங்ககிட்டயே வந்தேன்."

அதோடு திரும்பியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. ஆனால் காலையில் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து நடந்து வந்தபோது குடையை மீறி அவள் உச்சியில் சாரல் பட்டிருந்தது. ஒரு கற்றை லேசாக அலை போட்டு வளைந்திருந்தது. அதைப் பார்த்ததும் மூன்று நாள் சட்டம் மொத்தமாக என் தலையில் ஏறியது. அயனைப் பிளக்கில் செருகினேன்.

"ஈரமா இருக்குண்ணே. காயட்டுமே?"

"நான் மாஸ்டரா, நீ மாஸ்டரா?"

வைத்தேன். சுர் என்றது. வளைவு போகவில்லை. இன்னொரு தரம் வைத்தேன். அதற்குப் பிறகும் ஒரு தரம்.

"கருகுன வாடை அடிக்கிதுண்ணே."

"அது மிஷின் வாடம்மா."

முடி நேராகிவிட்டது. அவளைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில், சோறு ஊட்டுவதற்கு ஒரு பிள்ளையை நானும் தூக்கி வைத்துக்கொண்டேன். பிள்ளை அழுதது.

5. நடந்தது

மூன்று வாரம் கழித்து யோகேஸ்வரி சலூனுக்கு வந்தாள். புஷ்பா அக்கா முன்னால் ஒன்றும் சொல்லாமல், என்னிடம் மட்டும் உச்சியைக் குனிந்து காட்டினாள். ஏற்கெனவே முடி குறைந்திருந்த தடத்துக்குப் பக்கத்தில், ஒரு கற்றை விரல் நீளத்தில் முறிந்து குச்சியாக நின்றது.

"கயித்தாலதான் போலண்ணே" என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள்.

நான் ஒரு நிமிடம் அதை ஏற்றுக்கொள்ளலாமா என்று யோசித்ததையும் எழுதிவிடுகிறேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, அவர் முன்னாலேயே, "கயிறு இல்லம்மா, நான்தான்" என்றேன். அக்கா தடவிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க மாஸ்டர், நீங்கதான்" என்றார். அந்த "மாஸ்டர்" முழுக்க நக்கல்.

முறிந்த முடியை ஒட்ட வைக்க எந்தக் கிரீமும் கிடையாது. முனைகளை மட்டமாக வெட்டி, வளரும்வரை அந்த இடத்தில் சூடு வைக்காமல் விட்டோம். கயிற்றுக்கடியில் வைக்க, பழைய துண்டை மடித்துத் தைத்த மெத்தை ஒன்றை அவளே செய்துகொண்டாள். அது என் யோசனை என்று சொல்ல ஆசைதான். ஆனால் இல்லை.

இப்போது நான் செய்வது இதுதான். கிரீம் போத்தலைத் திறக்கும் முன்னால், "தங்கச்சி, என்ன வேலை பாக்குறீங்க? காலையில தலைய எப்பிடி முடிவீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளுக்குள் நனைந்தால் என்ன ஆகும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சில இடங்களில் கொஞ்சம் வளைவு விழும். அவ்வளவுதான். நன்றாகக் காய வைத்து, மெதுவாக ஒரு தரம் அயன் பிடித்தால் சரியாகிவிடும். அதையும் உடனே செய்ய வேண்டிய அவசியமில்லை.

யோகேஸ்வரி நாலாம் நாள் மலைக்குப் போனாள். கயிறு போட்டாள், மழையில் நனைந்தாள். அந்த முடியெல்லாம் இன்றும் இருக்கிறது. முறிந்தது நான் ஈரத்தோடு மூன்று தரம் அயன் வைத்த அந்த ஒரு கற்றை மட்டும்.