வெள்ளித்தாள் சுற்றிய ஃபியூஸ்

என் காரில் கேமரா பொருத்த வந்தவர் ஃபியூஸ் பெட்டியைத் திறந்ததும் ஒயர் வாடை அடித்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"தம்பி, கேமராவுக்குத் தனி ஃபியூஸ் போட்டாச்சா?"

"மூணாவது தடவ கேக்கீங்க அண்ணாச்சி. அங்கன போயி உக்காருங்க."

எப்படி உட்காருவது? இந்தப் பதற்றம்தான் அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து. தொண்ணூறுகளில் அவர் தம் பழைய அம்பாசிடரின் ஹாரன் ஃபியூஸிலிருந்தே டேப் ரிக்கார்டருக்கும் மின்விசிறிக்கும் இணைப்பு எடுத்தார். ஃபியூஸ் அடிக்கடி போனது. ஏன் போகிறது என்று பாராமல், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை அதன்மேல் சுற்றினார். "இனி போவவே போவாது" என்றார்.

போகவில்லைதான். ஒயர் எரிந்தது. அக்காவைப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப்போன காலை, ஆற்றுப் பாலத்தில் புகை கிளம்பியது. எல்லோரும் குதித்து இறங்கினோம். அக்கா ஹால் டிக்கெட்டோடு டவுண் பஸ்ஸைத் துரத்தினாள். அப்பா திறந்த ஃபியூஸ் பெட்டியில் அம்மா வெள்ளித்தாளைப் பார்த்தாள்.

"சிகரெட்ட விட்டாச்சுன்னு சொன்னீங்களே?"

அப்பா தாமிரபரணியைப் பார்த்தார்.

கடைசி மணி அடிக்கும்போது அக்கா பரீட்சை அறைக்குள் நுழைந்துவிட்டாள். நாளை அவள் சென்னையிலிருந்து ரயிலில் வருகிறாள். போனில் பெருமையாகச் சொன்னேன்.

"ஸ்டேஷனுக்குக் கார்ல வாரேங்க்கா. ஃபியூஸ்லேருந்து இழுத்துப் புதுசா கேமரா மாட்டிருக்கேன்."

"ஏலே, நான் டவுண் பஸ்லயே வந்துக்கிடுதேன்."