மானை யாராவது கேட்டார்களா

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. நான் திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டிக்குள் குச்சி அடைத்துக்கொண்டிருந்தேன். காலடிப்பேட்டையில் எங்கள் எதிர் வீட்டுப் பெண்ணுக்கும் அங்கேதான் வேலை. ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புவோம்.

சாப்பாட்டு நேரத்தில் புராணக் கதையிலிருந்து புதிர் போடுவது எங்கள் கூட்டத்துக்குப் பழக்கம். மீனவர் குப்பத்திலிருந்து வந்த ஒருத்தி அதில் கெட்டிக்காரி. ஒரு நாள் அவள் இப்படிப் போட்டாள்:

"பொய்யே பேசமாட்டேன்னு ஒரு முனிவரு சத்தியம் பண்ணிக்கிறாரு. அவரு குடிசையில ஒரு மான் வந்து ஒளிஞ்சிக்குது. பின்னாடியே வேடன் வந்து, மான் இங்க கீதான்னு கேக்குறான். அவன் வூட்டுல புள்ளைங்க மூணு நாளா பட்டினி. முனிவரு இன்னா சொல்லணும்?"

"உண்மையத்தான் சொல்லணும். இல்லாங்காட்டி சத்தியம் எதுக்கு?" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். பாதிப் பேர் என் கட்சி, பாதிப் பேர் மான் கட்சி. எதிர் வீட்டுப் பெண் மோர்ச்சோற்றைப் பிசைந்தபடியே, "அந்த மானை யாருனா கேட்டாங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். அதற்குள் சங்கு ஊதிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ராயபுரத்திலிருந்து ஒரு அம்மாள் என்னைத் தேடி வந்தார். அவர் மகனுக்கும் எதிர் வீட்டுப் பெண்ணுக்கும் சம்பந்தம் பேசி, பூ வைப்பது ஒன்றுதான் பாக்கி.

"நீ அதுகூட வேலை செய்யறவ. மறைக்காம சொல்லும்மா. அந்தப் பொண்ணுக்கு நோவு நொடி எதுனா கீதா?"

அவளுக்கு வலிப்பு உண்டு. முந்தின வருஷம் வேலை முடிந்து வரும்போது தெருவில் விழுந்தவளின் கையில் இரும்புச் சாவியைத் திணித்தவளே நான்தான். சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். மறைத்தால் ஒரு தாயை ஏமாற்றிய பாவம். உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று தொழிற்சாலையில் அத்தனை சத்தமாகப் பேசியவள் நான். இப்போது மானைப் பற்றி இவள் கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது.

"செத்த இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு எதிர் வீட்டுக்கு ஓடினேன். அவள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லி, "நான் இன்னாடி சொல்றது?" என்று கேட்டேன்.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் சொல்லாதக்கா. நானே வந்து சொல்றேன்."

வந்தாள். அந்த அம்மாளுக்கு நேராக நின்றாள். "எனக்கு வலிப்பு வரும்மா. சின்ன வயசுல ரெண்டு வாட்டி, போன வருஷம் ஒரு வாட்டி. உங்க புள்ளைகிட்ட சொல்லிடுங்க. வேணாம்னா நான் ஒண்ணும் நெனைச்சிக்கமாட்டேன்." அவள் குரல் நடுங்கவில்லை.

அந்த அம்மாள் அவளையே பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்; அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"என் கண்ணு! என் புள்ளைக்கு ஒரு காது சுத்தமா கேக்காதுடி. பட்டறையில இரும்பு அடிச்சி அடிச்சிப் போயிடுச்சி. அத சொல்லாம உட்டோமேன்னு எனக்குத் தூக்கமே இல்ல. உங்க பக்கமும் எதுனா கொறை இருந்தா மனசு ஆறுமேன்னுதான் விசாரிக்க வந்தேன்."

மூவரும் உட்கார்ந்து காப்பி குடித்தோம். மகனிடம் அன்றைக்கே சொல்லிவிடுவதாக அந்த அம்மாள் சொன்னார், சொல்லவும் செய்தார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பிறகு இரண்டு முறை வலிப்பு வந்ததாக அவள் என்னிடம் சொன்னாள். இரண்டு முறையும் அவன் பக்கத்திலேயே இருந்திருக்கிறான்.