ஆறு மணிப் பஸ்ஸில் பதிமூன்று பேர்

ரைலிக்கு உட்காரத் தெரியாது. காபி குடிப்பதும் ஜன்னலோரம் நின்றபடிதான். ஒரு கண் வெளியே மாட்டிய வெப்பமானியில், மறு கண் சாலையில். பஸ் ஆறு மணிக்கு. அவளோ ஐந்தரைக்கே நிறுத்தத்துக்கு வந்து கால் மாற்றி நிற்பாள். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

எங்கள் ஊர் ஹோன்காவாராவில் முதலில் வங்கியை மூடினார்கள். பிறகு தபால் நிலையத்தை. கூடவே தபால்காரனான என்னையும். அடுத்து மளிகைக் கடை, அதற்குப் பிறகு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் சமைத்தவள் ரைலி. நல்லவேளையாக நாற்பத்தாறு கிலோமீட்டர் தள்ளி, நகரத்து ஆஸ்பத்திரிச் சமையலறையில் இடம் கிடைத்தது. ஐம்பத்தேழு வயதில் இன்னொரு வேலை யார் கொடுப்பார்கள்? பொருளாதாரம் தேறி வருகிறது என்று டிவியில் சொல்கிறார்கள். எந்தச் சாலை வழியாக வருகிறதோ, எங்கள் சாலையில் இன்னும் காணோம்.

ஜனவரியில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. டீசல் விலை ஏறிவிட்டது, பஸ்ஸில் ஆளில்லை. பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை கணக்கெடுப்பு நடக்கும். எட்டுப் பேருக்குக் குறைந்தால் மார்ச்சிலிருந்து பஸ் கிடையாது. வழக்கமாக ஏறுவது மூன்றே பேர்.

ரைலி வீடு வீடாகப் போனாள். எங்கள் ஊரில் அழைக்காமல் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. அவள் தட்டினாள்.

"ஒரே ஒரு நாள். சும்மா ஏறி உக்காருங்க, போதும்," என்றாள்.

அந்த வியாழக்கிழமை மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. பதிமூன்று பேர் வந்துவிட்டோம். எங்கள் வழக்கப்படி ஆளுக்கு ஆள் நான்கு முழம் இடைவெளி விட்டு நின்றதில் வரிசை தீயணைப்புக் கொட்டகை வரைக்கும் போய்விட்டது. டிரைவர் கதவைத் திறந்து, "என்ன, ஊரே காலி பண்ணிட்டுப் போகுதா?" என்றான். கடிதம் வந்த பிறகு ரைலி அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

உள்ளே நகராட்சியிலிருந்து ஒரு பெண் கையில் படிவங்களோடு உட்கார்ந்திருந்தாள். தலையை எண்ணுவதோடு விடுவாள் என்று நினைத்திருந்தோம். அவள் எழுந்து முதல் இருக்கையில் இருந்த தைஸ்தோவிடம் போனாள். எழுபத்து நான்கு வயது, மர அறுப்பு ஆலையில் இருந்தவர்.

"எங்க போறீங்க?"

"எங்கயும் போகல."

"அப்புறம் எதுக்கு ஏறினீங்க?"

"எண்ணுவீங்கன்னு சொன்னாங்க. அதான் வந்தேன். இதே பஸ்ஸுல திரும்பிடுவேன், வாசல்ல பனி அள்ளணும்."

பின்னால் இருந்த தம்பதியும் அதையே சொன்னார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவரும். என் முறை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "பல் டாக்டர்கிட்ட. ஆத்தங்கரை கிளினிக்," என்றேன்.

"அத போன மாசமே மூடிட்டாங்களே," என்றாள் அந்தப் பெண். பொய் சொல்லக்கூட எங்களுக்கு ஓர் இடம் திறந்திருக்கவில்லை.

ரைலி முன்பக்கம் குனிந்து பல்லைக் கடித்தாள். "தைஸ்தோ அண்ணே, ஒரு பொய். ஒரே ஒரு பொய் வரலையா உங்க வாயில?"

"கேட்டா என்னம்மா பண்றது?" என்றார் அவர், பாவமாக.

பெண் ரைலியிடம் வந்தாள். வேலைக்கு, வாரம் ஐந்து நாள், ஆஸ்பத்திரிச் சமையலறை. ரைலி ஒவ்வொன்றாகப் பளிச்சென்று சொன்னாள், பெண் எழுதிக்கொண்டாள்.

"பஸ் இல்லேன்னா வேற வழி இருக்கா?"

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஏரி வளைவில் ரைலியின் கார் சறுக்கிக் கவிழ்ந்தது. நாற்பது நிமிடம் தலைகீழாகப் பெல்ட்டில் தொங்கினாள். அன்றிலிருந்து அவள் சாவியைத் தொடவில்லை. காரைச் சரிசெய்து கொட்டகையில் நிறுத்தியிருந்தாள், அவ்வளவுதான். அது எங்கள் பன்னிரண்டு பேருக்கும் தெரியும். வேறு வழியே இல்லாத ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தால் பஸ்ஸை நிறுத்த யோசிப்பார்கள், அதற்கு 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

ரைலி கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

"கார் இருக்கு," என்றாள்.

"லைசன்ஸ்?"

"இருக்கு."

பெண் ஒரு கட்டத்தில் குறியிட்டாள். "பயம்னு எழுத அதுல எடம் இருக்கா?" என்று கேட்டேன். அவள் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இல்லையாம்.

போக இடமில்லாமல் ஏறியவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. மார்ச்சில் பஸ் நின்றது. ஆளுக்கு ஒரு நாள் கொண்டுபோய் விடுகிறோம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். "எத்தன வருஷத்துக்கு?" என்று கேட்டாள் ரைலி. பார்வை மங்கி லைசன்ஸை இழந்த நான் அந்தச் சிலரில் சேரவில்லை.

முதல் திங்கட்கிழமை ஐந்தரைக்கு அவள் கொட்டகையில் எஞ்சின் சத்தம் கேட்டது. இருபது நிமிடம் ஓடியது. கொட்டகைக் கதவு திறந்தே இருந்தும் கார் வெளியே வரவில்லை. மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். சீருடையில், பெல்ட் போட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். பக்கத்து இருக்கையில் ஏறினேன்.

"காய்ச்சல்னு சொல்லிடு. இன்னிக்கு ஒரு நாள்," என்றேன்.

எஞ்சினை அணைத்தாள். போனை எடுத்துச் சமையலறைக்கு அழைத்தாள்.

"ரைலி பேசறேன். எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. கார் ஓட்ட பயமா இருக்கு. என்னால வர முடியாது."

மறுமுனையில், நாளைக்கு வருவீர்களா என்று கேட்டார்கள். எனக்கே கேட்டது.

"தெரியல," என்றாள்.