காயாத வடக்குச் சுவர்

கேதீஸ்வரன் சுவரின் ஈரத்தைக் கையால் பார்ப்பதில்லை, கன்னத்தை வைத்துத்தான் பார்ப்பார். சண்டிலிப்பாயில் நான் கட்டிய வீட்டின் மண்டபத்தில், சீமெந்துப் பூச்சு முடிந்து பதினைந்தே நாளான வடக்குச் சுவரில் கன்னத்தை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"இன்னும் ஈரம், தங்கச்சி."

என் கண்ணுக்கு அது நன்றாக வெளுத்துக் காய்ந்த சுவராகத்தான் தெரிந்தது. ரொறன்ரோவிலிருந்து ஆறு கிழமை லீவில் வந்திருந்தேன். கார்த்திகை மழை மேசன்மாரைப் பதினெட்டு நாள் வேலை செய்ய விடவில்லை. தை ஒன்பதில் புதுவீட்டில் பால் காய்ச்சும் குடிபூரல், பதின்மூன்றில் விமானம். எந்த நேரமும் இந்த இரண்டு திகதிகளும்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தன.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. கொழும்பில் மாடி வீடுகளுக்குப் பன்னிரண்டு வருடம் பெயின்ற் அடித்துவிட்டு ஊர் திரும்பியவர். மானிப்பாயில் லண்டன்காரர் ஒருவர் அவசரப்படுத்த, ஈரச் சுவரில் அடித்துவிட்டார். மூன்று மாதத்தில் எல்லாம் உரிந்தது. அதன்பின் ஐந்து வருடமாக ஒரு புது வீடும் கிடைக்கவில்லை. கோயில் கிராதி, கேற், கடைப்பலகை இவைதான். எங்கள் பக்கத்தில் குடிபூரலுக்கு வருகிறவர்கள் பால் குடித்த கையோடு அறை அறையாகப் போய்ச் சுவரைத் தடவி, ஆர் மேசன், ஆர் பெயின்ரர் என்று விசாரிப்பார்கள். அடுத்த வேலை அந்த விசாரணையில்தான் வரும்.

"இந்த வீடு சரிவந்தா என்ரை பேர் திரும்பிவந்திடும்," என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

மற்றச் சுவர்களை அவர் தயார்ப்படுத்தியதைப் பார்த்திருக்கிறேன். துருத்திக்கொண்டிருந்த மணலை உடைந்த கல் ஒன்றால் உரசி எடுத்தார். பூத்திருந்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டினார். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் என்ன என்று கேட்டேன். "கழுவினா உப்பு திரும்ப உள்ளுக்கை போய்ப் படுத்திடும்," என்றார். மயிர் வெடிப்புகளை அடைத்து, சாண்ட்பேப்பரால் தேய்த்து, தூசு துடைத்து, அதற்குப் பிறகே பெயின்றுக்கு முன் அடிக்கிற பிரைமர் வாளியைத் திறந்தார்.

வடக்குச் சுவரில் வெயில் படாது. அதில் பிளாஸ்ரிக் சொப்பின் பைத் துண்டொன்றை நாலு பக்கமும் ரேப் ஒட்டி மூடிவிட்டுப் போனார். அடுத்த நாள் காலையில் பார்த்தால், உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

"இன்னும் ஒரு மாதம் வேணும். கோவியாதேங்கோ. குடிபூரலண்டைக்கு இதிலை ஒரு நல்ல சேலையைக் கட்டி, அதுக்கு முன்னாலை சாமிப்படத்தை வையுங்கோ. மாசியிலை வந்து நானே அடிச்சுத்தாறன்."

ரொறன்ரோவில் இருக்கிற சொந்தக்காரர் எல்லாரும் வீடியோவில் பார்க்கப்போகிற சுவர் அது. சேலை கட்டி மறைத்தால் ஏனென்று கேட்பார்கள். நான் வாளியைத் திருப்பி, அதிலிருந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கி அவருக்கு வாசித்தேன்.

"ரெண்டு மணித்தியாலத்திலை காயும், நாலு மணித்தியாலத்திலை அடுத்த பூச்சு அடிக்கலாம் எண்டு கொம்பனியே போட்டிருக்கிறான், அண்ணை."

"அது பிரைமர் காயிற நேரம், தங்கச்சி. சுவர் காயிற நேரத்தைப் பற்றி ஒண்டும் போடேல்லையோ?"

போட்டிருந்தது. புதுச் சீமெந்துப் பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகே பாவிக்கவும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. என் கண் அதை வாசித்தது. வாய் வாசிக்கவில்லை.

"இல்லை," என்றேன். "உங்களுக்கு ஏலாட்டிச் சொல்லுங்கோ, யாழ்ப்பாணத்திலையிருந்து ஆளைக் கூப்பிடுறன்."

அவர் வாளியைத் தன் பக்கம் இழுத்தார்.

"சரி, அடிக்கிறன். ஆனா ஆரும் கேட்டா, நான் வேண்டாமெண்டு சொன்னனான் எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ."

"கட்டாயம் சொல்லுவன், அண்ணை."

தை ஒன்பதில் பால் பொங்கியது. சாமிப்படத்துக்குப் பின்னால் சுவரும் பொங்கியிருந்தது, அப்பளம்போல ஏழெட்டு இடத்தில். அம்மாவின் தம்பி தம்பிராசா மாமா ஒன்றைப் பெருவிரலால் அமத்தினார். தோல் வெடித்து விரல் நனைந்தது.

"ஆர் பிள்ளை பெயின்ரர்?"

"கேதீஸ் அண்ணை."

"மானிப்பாய் வீட்டுக் கேதீஸோ? அடி விசரி, உவனிட்டைச் சுவரைக் குடுத்தா வெங்காயம் மாதிரியெல்லோ உரிச்சுத் தருவான்!"

எல்லாரும் சிரித்தார்கள். போனில் ரொறன்ரோவும் சிரித்தது. கேதீஸ்வரன் புது வேட்டியோடு யன்னலுக்கு வெளியே நின்றார். அவர் சுவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். என் கையில் பலகாரத் தட்டு இருந்தது.

"எல்லாரும் சாப்பிட வாங்கோ," என்றேன்.

திரும்பிப் பார்க்கும்போது யன்னலில் ஆள் இல்லை. சாப்பிடாமலே போய்விட்டார்.

மறுநாள் கூப்பிடாமலே வந்தார். நாள் முழுக்க அந்தச் சுவரைச் சுரண்டி வெறும் பூச்சாக்கினார்.

"இனிக் காயட்டும். மாசிப் பனி முடிய ஆரையெண்டாலும் கொண்டு அடிப்பியுங்கோ."

"நீங்களே வாங்கோ அண்ணை. நான் மாமாவுக்குச் சொல்லுறன்."

"நேற்று எல்லாரும் நிண்டவை, தங்கச்சி," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

இப்போது அவர் சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை ஏற்றுகிறாராம். சுவர் எப்போதோ காய்ந்துவிட்டது. அதை அடிக்க ஆரைப் பிடிக்கிறது என்று மாமா ரொறன்ரோவுக்குப் போன் எடுத்துக் கேட்கும்போதெல்லாம் நடந்ததை அப்படியே சொல்கிறேன். வாளியில் இருந்ததை, நான் வாசிக்காமல் விட்டதை, அவர் வேண்டாமென்று சொன்னதை, எல்லாவற்றையும்.

"நீ சின்னனிலையிருந்தே இரக்கம் பாக்கிறனி," என்கிறார் மாமா. "அவனுக்காக உன்ரை தலையிலை ஏன் பழியைப் போடுறாய்? ஒரு நல்ல பெயின்ரரின்ரை பேரைச் சொல்லு."

"கேதீஸ் அண்ணையைக் கூப்பிடுங்கோ, மாமா."

"பகிடி விடாதை, பிள்ளை."