சைப்ரஸுக்குக் கவ்வாத்து

மோகனராஜுக்குக் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. கண்டி மாநகர சபையில் முப்பத்தொரு வருடம் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்த பிறகு, குண்டசாலை வீட்டில் ஆணி அடித்தார், அடித்த ஆணியைப் பிடுங்கினார், ஒழுகாத குழாய்க்கு வாஷர் மாற்றி ஒழுக வைத்தார். அந்த வீட்டில் அவர் கை படக்கூடாத பொருள் ஒன்றே ஒன்றுதான். வாசலில் சீமெந்துச் சாடியில் நின்ற குட்டை சைப்ரஸ்.

வேடிக்கை என்னவென்றால், அதை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில், மனைவி கஜலட்சுமி கேட்காமலே அவர் வாங்கித் தந்த முதல் பொருள். வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும், இடுப்புக்கு மேலே வளராது என்று செடிக்கடைக்காரன் சொன்னதை நம்பி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கஜலட்சுமி அன்றைக்குச் சாமிப் படத்துக்குப் பறித்த செவ்வந்தியில் ஒன்றை மட்டும் அதன் காலடியில் வைத்தாள்.

ஏழு வருடமாக அவள்தான் பார்க்கிறாள். காலையில் மண்ணை விரலால் குத்திப் பார்ப்பாள், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். வெள்ளிக்கிழமைகளில் உள்ளே சிக்கிக் கிடக்கும் பழுப்பு இலைகளை உதிர்த்துவிடுவாள். ஒரு தடவை இவர், "சாடியத் திருப்பி வைப்போமா? சொவத்துப் பக்கமும் வெயில் படட்டுமே" என்று கேட்டுவிட்டார். "இருக்கிற எடத்துல இருக்கட்டும்!" என்று சீறினாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது மகள் துஷ்யந்தியின் பிரசவத்துக்காகக் கஜலட்சுமி வத்தளைக்குப் போய் மூன்று மாதமாகிவிட்டது. போன இரண்டாவது வாரமே மனிதருக்குக் கை துறுதுறுத்தது. செடி முன்பக்கம் புஸ்ஸென்று உப்பியிருப்பது போலப் பட்டது. கிளைகளை வெட்டி ஒரு கவ்வாத்து போட்டால் அவள் வரும்போது தளதளவென்று இருக்குமே! ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த ஆள். ஏ லெவல் பரீட்சை எழுதிய லீவில் கவ்வாத்துக்குப் போய்ச் சம்பளம் வாங்கியவர். தேயிலையை வெறும் குச்சியாக வெட்டிப் போட்டாலும் இரண்டு மாதத்தில் கொழுந்து விடும். சைப்ரஸுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது? முன்பக்கத்தைக் கட்டை தெரிய வெட்டினார். நல்ல வேளையாக மழை வந்து மிச்சத்தைக் காப்பாற்றியது.

தினமும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துளிரைத் தேடினார். சாணி கரைத்து ஊற்றிப் பார்த்தார். ஒரு பொட்டுப் பச்சை இல்லை. சனிக்கிழமை வருகிறேன் என்று கஜலட்சுமி போன் பண்ணியதும் வாசலுக்கு ஓடிப்போய்க் கட்டைகளை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். அவள் திட்டினால் தாங்கிக்கொள்வார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

வியாழக்கிழமை அலவாங்குக் கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, சாடியை அரை வட்டம் திருப்பினார். மொட்டைப் பக்கம் சுவருக்குப் போனது. சுவர்ப் பக்கம் முன்னால் வந்தது.

அதுவும் மொட்டை. சாம்பல் பூத்த பழைய கட்டைகள். ஒவ்வொன்றும் ஒரே வீச்சில், சரிவாக, சிம்பு இல்லாமல் வெட்டுப்பட்டிருந்தது. அப்படி வெட்ட அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் கை வரும். தெல்தோட்டைக் கவ்வாத்துக் கங்காணியின் மகள் கஜலட்சுமிக்கு.

மோகனராஜ் படியில் உட்கார்ந்துவிட்டார். செடி வந்த புதிதிலேயே வெட்டியிருக்கிறாள். ஆசையாக வாங்கி வந்தவரின் மனசு நோகக்கூடாது என்று ஏழு வருடம் சுவரைப் பார்க்க வைத்திருக்கிறாள். அவர் மூச்சு வாங்க எழுந்து, சாடியைத் திரும்பவும் பழையபடி நெம்பினார். அவளுடைய மொட்டை சுவருக்குப் போனது. அவருடையது வாசலைப் பார்த்தது.

சனிக்கிழமை பையைக்கூட இறக்காமல் கஜலட்சுமி ஆரம்பித்தாள்.

"என்னாங்க பண்ணி வச்சிருக்கீங்க? இது என்ன தேயிலையா? பச்சை இல்லாத கட்டையில இது துளிர்க்காதுங்க. வருசக்கணக்கா காத்துக் கெடந்தாலும் துளிர்க்காது!"

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"தப்புதான் லெச்சுமி. எனக்குத் தெரியாம போச்சு."

அவள் மேலே பேச வாயெடுத்தவள், தரையைப் பார்த்து நின்றுவிட்டாள். சாடி முன்பு நின்ற இடத்தைச் சுற்றிச் சீமெந்தில் படிந்திருந்த பாசி வளையம். சாடி அதிலிருந்து நாலு விரல் தள்ளி நின்றது.

"திருப்பிப் பாத்தீங்களா?"

"அந்தப் பாரத்த நான் எங்க திருப்புறது?" என்று சொல்லிக்கொண்டே காதைச் சொறிந்தார். பொய் சொன்னால் அவர் சொறிவது அந்தக் காதைத்தான்.

கஜலட்சுமி அந்தக் காதைப் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"அந்த அலவாங்க எடுத்துட்டு வாங்க. கால்வாசி திருப்பினா போதும், ரோட்டுக்குப் பச்சை தெரியும். மொட்டையா இருக்கிற ரெண்டு பக்கத்தையும் நாம பாத்துக்கிட்டு இருக்கலாம்."