தண்ணீர் படாத ஞாயிற்றுக்கிழமை

மகளுக்கு டிரைவிங் லைசென்ஸ் வந்ததும் என் மனைவி ஒரு சட்டம் போட்டாள். கார் அவள் சம்பாத்தியத்தில் வாங்கியது. சட்டம் போடும் உரிமையும் அவளுடையதுதான். ஒரு மாதம் எங்களில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். காரில் ஒரு சேதமும் இல்லையென்றால் அதற்கடுத்த திங்கட்கிழமை முதல் தனியாகக் கல்லூரிக்குப் போகலாம். ஏதாவது ஆனால் சாவி பீரோவுக்குள் போய்விடும்.

கடைசிச் சனிக்கிழமை காலை, எங்கள் மயிலாப்பூர் சந்தில் திரும்பும்போது மகள் கேட் தூணில் உரசினாள். பக்கத்தில் இருந்தது நான். பெயின்ட் தப்பியது. கதவின் குறுக்கே ஓடும் கறுப்பு ரப்பர் பட்டை மட்டும் பிய்ந்து தொங்கியது.

"பக்கத்துல நீதானப்பா இருந்த. பாதி தப்பு உன்னுது" என்றாள்.

மனைவி வங்கியிலிருந்து வர மூன்று மணி நேரம் இருந்தது. பட்டை புதிதுபோல் மின்னட்டும் என்று அதைத் தேங்காய் எண்ணெயால் துடைத்து, வீட்டில் கிடந்த இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் ஒட்டினேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் கீழே கிடந்தது. அதைச் சுருட்டிக்கொண்டு தி. நகரில் கார் சாமான் விற்கும் கடைக்கு ஸ்கூட்டரில் ஓடினேன். கடைக்காரர் பட்டையைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், எண்ணெ வழியற நெத்தில ஸ்டிக்கர் பொட்டு நிக்குமா?"

பழைய பசையைச் சுரண்டி, பட்டையையும் கதவையும் பெட்ரோலால் துடைத்துக் காயவிட வேண்டும், புது டேப்பின் பசையில் விரல் படக்கூடாது, ஒட்டியபின் அங்குலம் அங்குலமாக அழுத்த வேண்டும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: "நாளிக்கு முழுக்கத் தண்ணி படக்கூடாது. பட்டுச்சுன்னா புட்டுக்கும்."

மனைவி வருவதற்குள் ஒட்டி முடித்தோம். ஆனால் மறுநாள் ஞாயிறு. ஞாயிறு காலை ஏழு மணிக்கு இரண்டு பக்கெட் தண்ணீரில் காரைக் குளிப்பாட்டாமல் அவள் காபிகூடக் குடிக்க மாட்டாள்.

ஆறு மணிக்கே மாடி ஏறி, தொட்டியின் வால்வை மூடினேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவள் சொன்னபோது, தண்ணீர் லாரி வராததுதான் காரணம் என்றேன். இந்த ஊரில் யாரும் சந்தேகப்படாத ஒரே பொய் அது. மேல்வீட்டுக்காரர் காதோரம் சோப்பு நுரையோடு இறங்கி வந்தார். மனசாட்சி குத்த, சமையலறை டிரம்மிலிருந்து அவருக்கு இரண்டு குடம் கொடுத்தேன். தொட்டியை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மனைவி கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது மணிக்கு முன் எழுந்தே பழக்கமில்லாத மகள் அவளை முந்திக்கொண்டு ஓடி, தொட்டியில் பல்லி செத்துக் கிடக்கும் அளவுக்கு வறட்சி என்று அறிவித்தாள். எனக்கே நம்பத் தோன்றியது. இருட்டியபின் வால்வைத் திறந்தேன்.

திங்கள் காலை மனைவி காரைச் சுற்றி வந்தாள். பட்டையைக்கூட விரலால் நெம்பிப் பார்த்தாள். அது அசையவில்லை. சாவியை மகளிடம் கொடுத்தாள்.

கார் சந்து முனையில் திரும்பி மறைந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அத்தனை பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் மகள் தனியாக அடையாறில் இருக்கும் கல்லூரிக்குப் போவதற்காக, நான் இரண்டு நாள் பாடுபட்டிருக்கிறேன்.

"அவதான ஓட்டறா? உங்களுக்கு ஏன் வேர்க்குது?" என்றாள் மனைவி.

போய்ச் சேர்ந்ததும் போன் செய்யும்படி மகளிடம் சொல்லியிருந்தேன். பத்தரை வரை போன் பக்கத்திலேயே நின்றேன். அது அடிக்கவே இல்லை. படிப்பு முடிகிற வரைக்கும் தினமும் பத்திரமாகப் போய் வந்தாள்; போன் மட்டும் ஒரு நாள்கூட அடிக்கவில்லை.